தாய்மண் கட்சிக்கு அண்டா கொடுத்த வெண்டெலின்

துபோவாவில் பன்றி அடிக்க வேண்டுமென்றால் வெண்டெலினைத்தான் கூப்பிடுவார்கள். பனி இறுகிவிட்டால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதே கிடையாது. விடியும்போது யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் கத்தி தீட்டிக்கொண்டிருப்பார். பொழுது சாய்வதற்குள் குடலில் கறி அடைத்து, கொழுப்பை உருக்கி வடித்து, அந்த வீட்டுக்காரருடன் ரெண்டு குவளை பிளம் சாராயமும் குடித்து முடித்திருப்பார். மற்ற மாதங்களில் மர அறுவை ஆலையில் வேலை. ஆள் அலமாரி மாதிரி இருப்பார். பேச்சும் அலமாரி மாதிரிதான். தட்டினால்தான் சத்தம் வரும்.

அவரிடம் ஒரே ஒரு குறை. யார் வந்து எதைக் கேட்டாலும் "முடியாது" என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. ஊரில் பாதிக் குழந்தைகளுக்கு அவர்தான் ஞானத்தந்தை. அவருடைய ஏணியை ஊரே இரவல் வாங்கிப்போகும். செர்ரி பழுக்கும் காலத்தில் தன் மரத்தில் ஏற அவர் பக்கத்து வீட்டில் போய் ஏணி கேட்பார். அவர்கள் கொடுப்பது பெரும்பாலும் அவருடைய ஏணியாகவே இருக்கும். அவர் அதற்கு நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார்.

அவரிடம் ஒரு அண்டா இருந்தது. கல்யாணத்தின்போது மனைவி ஒத்திலியாவின் அப்பா வாங்கிக் கொடுத்தது. அதற்குள் ஒரு கன்றுக்குட்டியை நிற்க வைக்கலாம். ஒத்திலியாவை ஊரில் எல்லோரும் தில்கா என்பார்கள். துணி ஆலை வேலைக்காகப் பதினெட்டு வயதில் தெற்கே கொமார்னோவிலிருந்து வந்தவள். வந்த இடத்தில் வெண்டெலினைப் பிடித்தாள். அதாவது, "என்னைக் கட்டிக்கிறியா?" என்று அவள்தான் கேட்டாள். அவருக்குத்தான் முடியாது என்று சொல்ல வராதே.

பழைய ஆட்சி கவிழ்ந்த அந்தக் குளிர்காலத்தில் நாடு முழுக்கக் கட்சிகள் முளைத்தன. துபோவாவில் கட்சி ஆரம்பிக்க முன்வந்தவர் மெத்தோத் என்ற பூகோள வாத்தியார். ஒல்லியான மனிதர், கழுத்தில் எப்போதும் ஒரு கம்பளித் துண்டு. தலைநகர் பிராத்திஸ்லாவாவில் யாரோ தொடங்கிய தாய்மண் கட்சியின் கிளையை இங்கேயும் நிறுவுவது என்று தீர்மானித்தார். நாடு, மொழி, தேவாலயம், குடும்பம் ஆகிய நான்கையும் காப்பாற்றுவது கட்சியின் கொள்கை. முதல் கூட்டத்துக்குப் பண்பாட்டு மன்றத்தை வாடகைக்கு எடுத்து, மூன்று மணி நேரப் பேச்சும் தயாரித்தார். வந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் சாவி வைத்திருந்த காவல்காரர். அவரும் பாதியில், "ஐயா, விளக்கை அணைக்கட்டுமா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை மெத்தோத் வெண்டெலின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வெண்டெலின், உங்க அண்டா வேணும்."

"எடுத்துக்கோங்க வாத்தியாரே. பன்றியா?"

"பன்றி இல்ல. தேசம்."

வெண்டெலின் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். "தேசத்துக்கு எத்தனை கிலோ கறி போடணும்?"

அடுத்த சனிக்கிழமை மன்றத்தின் முன்னால் விறகு மூட்டி, அண்டாவை இரும்பு முக்காலியில் தொங்கவிட்டு, வெண்டெலின் குலாஷ் செய்தார். மாட்டுக்கறி எவ்வளவோ அவ்வளவு வெங்காயம். வெங்காயம் பொன்னிறமாகிச் சிவந்ததும் அண்டாவை நெருப்பிலிருந்து விலக்கி, இடித்த சிவப்பு பாப்ரிகா மிளகாயைக் கொட்டி, ஒரு கிளறு. பிறகு கறியைப் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்க விட்டார். காற்று கீழ்த்தெரு பக்கம் வீசிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்த கால் மணி நேரத்தில் கீழ்த்தெரு காலி. மாதா கோவிலில் பூசை முடிவதற்குள் பின்வரிசைகளும் காலி.

மெத்தோத் சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர். வரிசையின் தொடக்கத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்துகொண்டார். கட்சியில் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் கிண்ணம். ரெண்டாம் தடவை வாங்க வந்தவர்கள் ரெண்டாம் தடவையும் கையெழுத்துப் போட்டார்கள். வெளியூரிலிருந்து பஸ் மாற வந்த ஒரு ஜோடி கூட உறுப்பினர் ஆனது. அன்றைக்கு மெத்தோத் தலைநகருக்கு அனுப்பிய உறுப்பினர் தொகை, துபோவாவில் உயிரோடிருந்த வயதுவந்தோர் தொகையைவிடக் கொஞ்சம் அதிகம். "உங்கள் ஊரின் தேசப்பற்று மெய்சிலிர்க்க வைக்கிறது" என்று தலைநகரிலிருந்து பதில் வந்தது. எல்லோருக்கும் ஊற்றி முடித்த பிறகு வெண்டெலினும் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட்டார். அப்படித்தான் அவர் ஸ்தாபக உறுப்பினர் ஆனார்.

தில்கா அதைக் கேட்டு, பிசைந்துகொண்டிருந்த மாவில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். சிரிக்கக் காரணம் இருந்தது. தாய்மண் கட்சிக்கு மற்ற எல்லோரையும்விட ஹங்கேரிக்காரர்கள் மேல்தான் கோபம். தில்காவின் அம்மா அசல் ஹங்கேரிக்காரி. தில்கா எங்கள் மொழியை நாங்களெல்லாம் பேசுவதைவிடச் சுத்தமாகப் பேசுவாள். கை சுட்டுக்கொண்டால் மட்டும் ஹங்கேரி மொழியில் திட்டுவாள். அவள் எதையும் மறைத்ததில்லை. ஊரில் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். குலாஷில் விழுந்த பாப்ரிகாவும் கொமார்னோவில் அவள் அக்கா புருஷன் தியூலாவின் தோட்டத்தில் விளைந்து காய்ந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு துணிப்பை நிறைய அனுப்புவார்.

அதற்குப் பிறகு கூட்டம் என்றால் வெண்டெலின். மேடையில் மெத்தோத், கீழே அண்டா. மெத்தோத் கம்பளித் துண்டை அவிழ்த்து வீசிவிட்டு முழங்குவார். "ஆயிரம் வருஷம்! ஆயிரம் வருஷமா ஹங்கேரிக்காரன் நம்ம தலைமேல ஏறி உட்கார்ந்திருந்தான்!" கூட்டம் கை தட்டும். வெண்டெலின் கிளறுவார்.

"என்ன பேசினாரு வாத்தியாரு?" என்று வீட்டில் தில்கா கேட்பாள்.

"ஆயிரம் வருஷமா உங்க ஆளுங்க எங்களை நசுக்கிட்டாங்களாம்."

"உன்னை நான் நசுக்க ஆரம்பிச்சு இருபது வருஷம்தான் ஆகுது. இன்னும் தொள்ளாயிரத்து எண்பது பாக்கி கிடக்கு. போய் விறகைப் பொள."

வெண்டெலின் போய்ப் பொளப்பார்.

கூட்டாக இருந்த நாட்டிலிருந்து பிரிந்து எங்கள் நாடு தனி நாடானது. கட்சி நாடாளுமன்றத்துக்குள் போனது. அந்த வருஷக் கோடையில் கட்சியின் துணைத் தலைவர் துபோவாவுக்கே நேரில் வந்தார். வெள்ளை கோட்டும் மினுமினுக்கும் காலணியும் போட்ட குண்டு மனிதர். முதல் கிண்ணத்தைப் பாராட்டிக்கொண்டே சாப்பிட்டார். ரெண்டாவது கிண்ணத்தை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டார். அப்புறம்தான் அவருக்குத் தேசம் ஞாபகம் வந்தது.

"அருமை. ஆனா வாத்தியாரே, இது ஹங்கேரிக்காரன் சாப்பாடாச்சே?"

மெத்தோதின் முகம் வெளுத்தது. பூகோள வாத்தியாருக்கே இதுவரை அது தோன்றவில்லை.

"நம்ம மேடைக்குக் கீழ ஹங்கேரிக் குழம்பு கொதிக்கலாமா? பத்திரிகைக்காரன் பார்த்தா நாறடிச்சுட மாட்டான்? அடுத்த கூட்டத்துல நம்ம சாப்பாடு போடுங்க. ஹலுஷ்கி போடுங்க."

"ஆகட்டும்" என்றார் வெண்டெலின்.

வீட்டில் தில்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆகட்டும்னு சொன்னியா? நானூறு பேருக்கு ஹலுஷ்கியா? யோவ், உனக்கு மூளை எங்க இருக்கு?"

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. உருளைக்கிழங்கைத் துருவி மாவோடு பிசைந்து, துளைத்தட்டில் தேய்த்துக் கொதிநீரில் சொட்டுச் சொட்டாக விழ வைத்து, மேலே வந்ததும் அள்ளி, செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியைக் கலந்து சுடச்சுடச் சாப்பிடவேண்டியது ஹலுஷ்கி. ஆறினால் பசை. அது ஒரு வீட்டுக்கு, ஒரு மேசைக்கு, பசியோடு உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்கு ஆன சாப்பாடு.

புனிதர் சிரிலுக்கும், வாத்தியாருக்குப் பெயர் தந்த புனிதர் மெத்தோதுக்கும் சேர்த்து வரும் ஜூலைத் திருநாளில் கூட்டம் வைத்தார்கள். வெண்டெலினும் தில்காவும் இன்னும் ஆறு பெண்களும் விடிந்ததிலிருந்து கிழங்கு துருவினார்கள். விரல் நுனிகளையும் கொஞ்சம் துருவினார்கள். தில்கா வாயிலிருந்து வந்த வார்த்தைகளைப் பக்கத்திலிருந்தவர்கள் ஏதோ ஜெபம் என்று நினைத்தார்கள். சாப்பாடு தயாராகி நின்றபோது துணைத் தலைவரின் பேச்சு தொடங்கியது. புனிதர்கள் இந்த மண்ணுக்கு வந்த வருஷத்திலிருந்து ஆரம்பித்தார். அவர் மத்திய காலத்தைத் தாண்டுவதற்குள் அண்டாவில் இருந்ததெல்லாம் ஒன்றோடொன்று பேசி முடிவெடுத்துவிட்டது. வெண்டெலின் கரண்டியை விட்டுத் தூக்கினார். மொத்தமும் கரண்டியோடு எழுந்து வந்தது. நானூறு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஹலுஷ்கி.

கடைசியில் பன்றி அறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து கேக் மாதிரி வெட்டினார். வெயிலில் பாலாடைக்கட்டி வேறு தன் குணத்தைக் காட்டத் தொடங்கியிருந்தது.

அன்றைக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் தன்னார்வத் தீயணைப்புப் படையின் போட்டி நடந்துகொண்டிருந்தது. படைத் தலைவர் பிளாசெய். அவரும் கட்சிக்காரர்தான், ஆனால் தண்ணீர்க்குழாய் என்றால் தேசத்தையும் மறந்துவிடுவார். அவர்கள் அண்டாவில் குலாஷ். காற்று ஓடையைத் தாண்டி வந்தது. பேச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டை எட்டியபோது பெஞ்சுகளில் மீதி இருந்தவர்கள் காது கேளாத ரெண்டு கிழவர்களும், தூங்கிப்போன ஒருவரும்தான். பேச்சை முடித்த துணைத் தலைவர் கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். நாட்டுப்பண் பாட ஆளைக் காணோம். மெத்தோத் தேடிக்கொண்டு ஓடையைத் தாண்டினார். தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் வெள்ளை கோட்டில் சிவப்புச் சொட்டுகளோடு துணைத் தலைவர் நின்றிருந்தார்.

"நிலவரத்தைப் பாத்துட்டிருக்கேன்" என்றார், வாய் நிறைய.

மெத்தோத் தானும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டார். பாதி கிண்ணத்தில் அவருக்கு வழி பிறந்தது. "ஐயா, நம்ம மலை மேய்ப்பருங்க ஆதிகாலத்துலேயே சட்டியில கறி வேகவெச்சிருக்காங்க. இதுல தப்பு பேருல மட்டும்தான் இருக்கு." அன்றிலிருந்து சுவரொட்டிகளில் "மலை மேய்ப்பர் அண்டா விருந்து" என்று அச்சானது. ஊரில் யாராவது, "மேய்ப்பர் அண்டான்னா என்னங்க?" என்று கேட்டால், "குலாஷ்" என்று பதில் வரும். விஷயம் முடிந்தது.

இப்படிச் சில வருஷங்கள் சுகமாகப் போயின. பிறகு தலைநகரில் கட்சித் தலைவரும் துணைத் தலைவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒரே ஹோட்டலில் ரெண்டு மாடிகளில் ரெண்டு மாநாடு கூட்டி, மேல் மாடி கீழ் மாடியையும் கீழ் மாடி மேல் மாடியையும் கட்சியிலிருந்து நீக்கியது. ஒன்று தாய்மண் கட்சி. இன்னொன்று மெய்யான தாய்மண் கட்சி. துபோவாவில் மெத்தோத் பழையதிலேயே நின்றார். பிளாசெய் மெய்யானதற்குப் போனார்.

வெண்டெலின் ரெண்டு பேரிடமும் போய், என்னதான் வித்தியாசம் என்று கேட்டார்.

"அவங்க துரோகிங்க" என்றார் மெத்தோத்.

"அவங்க துரோகிங்க" என்றார் பிளாசெய்.

கொள்கை விளக்கப் புத்தகமும் ரெண்டுக்கும் ஒன்றே. மெய்யானவர்கள் அட்டையை மட்டும் மாற்றியிருந்தார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் வந்த பொதுத்தேர்தலில் ரெண்டும் தனித்தனியாக நின்று, ஓட்டுப் பிரிந்து, ரெண்டுமே நாடாளுமன்றத்துக்கு வெளியே விழுந்தன. இருவரும் மதுக்கடையில் வேறு வேறு மூலையில் உட்கார்ந்து, மற்றவன்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் ரெண்டு பேருமே சொன்னது சரிதான்.

டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் வரவிருந்தது. அக்டோபரிலேயே மெத்தோத் வந்தார்.

"வெண்டெலின், நம்ம கட்சி சார்பா நீங்க நிக்கணும்."

"ஆகட்டும்."

அடுத்த நாளே பிளாசெய் வந்தார். தீயணைப்புச் சீருடையில் வந்திருந்தார். முக்கியமான காரியத்துக்கெல்லாம் அதைத்தான் போடுவார்.

"வெண்டெலின், மெய்யான கட்சிக்கு நீதான் வேட்பாளர்."

வெண்டெலின் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்கு முடியாது என்று சொல்லவேண்டிய இடத்தில் வந்து மாட்டிக்கொண்டார். "நேத்து வாத்தியாரு வந்து..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

"சரி, நிக்க வேணாம். அண்டாவையாவது கொடு."

உள்ளேயிருந்து தில்கா வந்தாள். "அண்டா எங்க அப்பா எனக்குக் கொடுத்தது. இவரைக் கேட்டா எப்படி?"

"அப்போ நீ நில்லேன் தில்கா!" பிளாசெய் சும்மா வேடிக்கைக்குத்தான் சொன்னார்.

"நிக்கிறேன்" என்றாள் தில்கா.

பிளாசெய் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

தில்காவுக்கு ஒரு ஆத்திரம் இருந்தது. அவர்கள் தெருவிளக்கு எரிந்து பல வருஷமாகிவிட்டது. ஊராட்சி உறுப்பினரான மெத்தோத் ஒவ்வொரு கூட்டத்திலும் அதைச் சரிபண்ணுவதாகச் சொல்வார், பிறகு ஆயிரம் வருஷத்துக்குப் போய்விடுவார். போன பனிக்காலத்தில் தில்கா அந்த இருட்டில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"கட்சிக் கொள்கையைப் படிச்சிருக்கியா?" என்று பிளாசெய் சந்தேகத்தோடு கேட்டார்.

"அதுல தெருவிளக்கு இருக்கா?"

"இல்ல."

"அப்போ நான் எழுதிச் சேர்த்துக்கிறேன்."

அந்த நவம்பர் மாதம் அவர்கள் வீட்டு வாசலில் ரெண்டு படங்கள் தொங்கின. இடது தூணில் இருக்கிற ஒரே டையைக் கட்டிக்கொண்டு, பல்வலிக்காரர் மாதிரி வெண்டெலின். வலது தூணில் கையைக் கட்டிக்கொண்டு தில்கா. சனிக்கிழமை அண்டா தாய்மண் கட்சிக்கு, ஞாயிற்றுக்கிழமை மெய்யான தாய்மண் கட்சிக்கு என்று ஒப்பந்தம். சமையல்காரர் ரெண்டுக்கும் ஒருவரே. மூன்றாவது வாரம் மெத்தோத் கொதித்துப்போய் வந்தார்.

"ஊர்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? ஞாயித்துக்கிழமை குலாஷ்தான் ருசின்றாங்க! நீங்க நிக்கிற கட்சிக்கே குழி பறிக்கிறீங்களே வெண்டெலின்!"

"இல்ல வாத்தியாரே. சனிக்கிழமை மிஞ்சினதை ஞாயித்துக்கிழமை அண்டாவுல சேர்க்கிறேன். ராத்திரி ஊறினா ருசி கூடும்."

"எங்க குலாஷை அவங்களுக்குக் கொடுக்கிறீங்களா?"

"நீங்க மிச்சம் வெக்காம சாப்பிடுங்க" என்றார் வெண்டெலின்.

தேர்தல் முடிந்து எண்ணினார்கள். தில்கா எல்லோரையும்விட அதிக ஓட்டு வாங்கி உள்ளே போனாள். மெத்தோத் தோற்றார். வெண்டெலின் கடைசி இடத்தை ஒரே ஒரு ஓட்டில் கோட்டைவிட்டார்.

வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றினார். ஒரு ஓட்டுச்சீட்டில் ஒன்பது பேருக்குக் குறி போடலாம் என்பதை யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"தில்கா, நான் உனக்குப் போட்டேன்."

"தெரியும்."

"நீ எனக்குப் போட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"ரெண்டு பேரும் சபைக்குப் போயிட்டா கோழிக்கு யாரு தீனி போடுறது?"

யோசித்துப் பார்த்ததில் அது சரியாகத்தான் பட்டது. ஆனாலும் மனசு நொந்துபோய் ரெண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருக்கிறார் என்பது தில்காவுக்குத் தெரியவே இல்லை. மூன்றாம் நாள் அலுத்துப்போய் அவராகவே கோபத்தை விட்டுவிட்டார். அதற்குள், சபையில் உட்கார்ந்து கையைத் தூக்கவேண்டியதில்லை என்பதில் ஒரு பெரிய நிம்மதியும் வந்திருந்தது.

வெற்றி விழா தீயணைப்பு நிலையத்தில். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு. எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தபோது வாசலில் ஒரு பழைய வேன் வந்து நின்றது. தில்காவின் அக்கா இலோனா, அவள் புருஷன் தியூலா, மலை மாதிரி மூன்று பிள்ளைகள், ஒரு பீப்பாய் திராட்சை மது, ஒரு மூட்டை பாப்ரிகா. தியூலா நேராக நடுவில் போய் நின்று, குவளையை உயர்த்தி, கண்ணில் நீர் வர ஹங்கேரி மொழியில் ஒரு வாழ்த்துச் சொன்னார். பிள்ளைகள் மூன்று பேரும் பாட ஆரம்பித்தார்கள். நல்ல குரல் வளம். கூரை அதிர்ந்தது.

பிளாசெய் கிண்ணத்தோடு அப்படியே நின்றார். "தில்கா... இவங்க யாரு?"

"எங்க அக்கா. கொமார்னோவுல இருக்கா."

"இவங்க பாடுறது..."

"ஹங்கேரிப் பாட்டு. எங்க அம்மா பாஷை."

பிளாசெய் பின்னால் தடவிப் பார்த்து, கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியில் உட்கார்ந்தார். "நீ ஏன் இதைச் சொல்லல?"

"நீ எப்ப கேட்டே?"

"மெய்யான கட்சி தில்கா! நாம மெய்யான கட்சி!"

"நானும் மெய்யான ஆளுதான். கிள்ளிப் பாரு."

அதற்குள் தியூலா வந்து பிளாசெயின் தோளில் கை போட்டு, தெரிந்த அரைகுறை மொழியில், "நல்ல கட்சி! நல்லா சாப்பிடுது!" என்று சொல்லி, அவர் கையில் ஒரு குவளையைக் கொடுத்து மதுவை ஊற்றினார். என்ன செய்வதென்று தெரியாமல் பிளாசெய் குடித்தார். மது மிக நன்றாக இருந்தது. பொழுது இருட்டியபோது அவர் தியூலாவின் மூத்த பிள்ளைக்குத் தீயணைப்பு வண்டியின் ஏணியை ஏற்றி இறக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மெத்தோத் பனியில் ஓடி வந்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். தில்கா பால் வாங்கப் போயிருந்தாள்.

"கேட்டீங்களா வெண்டெலின்? மெய்யான கட்சியாம்! ஒரு ஹங்கேரிக்காரியை நிறுத்தி ஜெயிக்க வெச்சிருக்காங்க! இன்னிக்கே பத்திரிகைக்காரனுக்குப் போன் போடப் போறேன். நாடே சிரிக்கட்டும்!"

வெண்டெலின் கோழித்தீனியைக் கீழே வைத்தார். "போடுங்க வாத்தியாரே. அவ யாரு பொண்டாட்டின்னும் சேர்த்துச் சொல்லுங்க. ஊரே உங்க கட்சியில சேர்ந்தப்ப கொதிச்சது யாரு அண்டான்னும் சொல்லுங்க. பாப்ரிகா எங்கிருந்து வந்துதுன்னு கேட்டா, தியூலா விலாசம் நான் தர்றேன்."

அவர் வாழ்க்கையில் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அது. பேசி முடித்து அவரே கொஞ்சம் பயந்துபோனார்.

மெத்தோத் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்தாபக உறுப்பினர், ஸ்தாபக அண்டா, ஸ்தாபக பாப்ரிகா எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. கம்பளித் துண்டை இறுக்கிக்கொண்டார். "பத்திரிகைக்காரங்களுக்கு இப்ப பண்டிகை நேரம். எதுக்குத் தொந்தரவு பண்ணணும்" என்றார். தில்கா திரும்பி வந்தபோது அவர் சமையலறையில் உட்கார்ந்து நேற்றைய மிச்சத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிளாசெயும் வெளியே சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்த அந்த விஷயத்தை ரெண்டு கட்சிகளும் பரம ரகசியமாகக் காப்பாற்றின.

பிப்ரவரி முடிவதற்குள் தெருவிளக்கு எரிந்தது. தில்கா ஊராட்சித் தலைவரின் அறையில் தினமும் போய் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னியிருக்கிறாள். ஒரு கை முடிந்து அடுத்த கை ஆரம்பிக்கும்போது அவரே ஆளைக் கூப்பிட்டு ஏணியேற்றிவிட்டார்.

கொஞ்ச காலம் கழித்துத் தலைநகரில் ரெண்டு தலைவர்களும் தொலைக்காட்சியில் கை குலுக்கிக்கொண்டார்கள். கட்சி மறுபடியும் ஒன்று. துபோவாக் கிளைக்குத் தலைவர் தேர்வு நடந்தது. மெத்தோதுக்குப் பாதிக் கை, பிளாசெய்க்குப் பாதிக் கை. மறுபடி தூக்கச் சொன்னார்கள். மறுபடி பாதி பாதி. வெளியே அண்டா தயாராகி வெகு நேரமாகியிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "தில்காவைப் போடுங்கய்யா, குலாஷ் ஆறுது!" எல்லாக் கையும் எழுந்தது. பசியில் மெத்தோத் கையும் எழுந்ததாகச் சொல்வார்கள். அவர் அதை இன்றுவரை மறுக்கிறார்.

தில்கா தலைவியானதும் ஒரே ஒரு சட்டம் போட்டாள். வெங்காயம் சிவக்கிற வரைக்கும்தான் பேச்சு. சிவந்துவிட்டால் மேடையை விட்டு இறங்கவேண்டும். அடுத்த கூட்டத்துக்கு மெத்தோத் தன் தோட்டத்திலிருந்து ஒரு மூட்டை வெங்காயம் தூக்கிக்கொண்டு வந்தார். வெங்காயம் கூடினால் சிவக்க நேரமாகும் என்று கணக்கு. பேச்சும் மாறிவிட்டது. "ஆயிரம் வருஷம்..." என்று தொடங்கி, முன்வரிசையில் கை கட்டி உட்கார்ந்திருக்கும் தலைவியைப் பார்ப்பார். "...சில சிரமங்கள் இருந்தன" என்று முடிப்பார்.

கட்சி மறுபடி நாடாளுமன்றத்துக்குள் போனது, மறுபடி வெளியே விழுந்தது. அதற்கடுத்த தேர்தலில் அடியோடு சரிந்தது. முடிவுகள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை மன்றத்து வாசலில் எல்லோரும் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வெண்டெலினுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, மருமகனை அதட்டிக்கொண்டு கிளற வைத்தார். "அடி பிடிக்குதுடா. அடியோட கிளறு." எண்ணிக்கை வரவர ஆட்கள் எழுந்து போனார்கள். மெத்தோத் தலை நரைத்து, இன்னும் ஒல்லியாகி, கம்பளித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதார்.

ஆறுதல் சொல்ல வெண்டெலினுக்குத் தெரியாது. ஒரு கிண்ணத்தில் நல்ல கறித்துண்டாகப் பார்த்துப் போட்டு அவரிடம் நீட்டினார். பிளாசெய் தன் நாற்காலியை மெத்தோத் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் தெருக்கோடியில் சத்தம் கேட்டது. ஜெயித்த கட்சியின் இளைஞர்கள், பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் விழாவில் பல் குத்தும் குச்சியில் செருகிய பாலாடைக்கட்டித் துண்டுகளைத் தவிர வேறொன்றும் கொடுக்கவில்லையாம். அண்டா அருகில் வந்ததும் பாட்டு மெல்ல நின்றது. ஒருவன் தொப்பியைக் கழற்றினான்.

"மாமா, கொஞ்சம் கிடைக்குமா?"

"அவங்களுக்குப் போடாதீங்க வெண்டெலின்!" மெத்தோத் அழுகையை நிறுத்திவிட்டுக் கத்தினார். "இன்னிக்கு ஒரு நாளாவது!"

வெண்டெலின் அவரைப் பார்த்தார், இளைஞர்களைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். தில்கா கிண்ணங்களை எடுத்து எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிண்ணம் பத்தாது" என்றாள். "கழுவிட்டு வந்து வாங்கிக்கோங்கடா. பாட்டை மட்டும் இங்க பாடாதீங்க, வாத்தியாருக்கு உடம்பு சரியில்ல."

இளைஞர்கள் குழாயடிக்குப் போய் வரிசையாக நின்று கிண்ணம் கழுவத் தொடங்கினார்கள். வெண்டெலின் மருமகன் கையிலிருந்து கரண்டியை வாங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.